சமையலறையைப் பூட்டிவைத்துவிட்டு வாடகை குறைவு என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வாடகை ஏற்றத்தைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் வாடகை கொடுப்பவர்கள். நான் வாடகை வாங்குபவள். ஈசூனில் எங்களுக்கு ஒரு நாலறை வீடு. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கணவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், அவரும் இப்போது வீட்டில்தான். மகன் பொங்கோலுக்கும் மகள் தெங்காவுக்கும் குடிபோன பிறகு காலியான இரண்டு அறைகளையும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) முறைப்படி அனுமதி வாங்கி இரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அந்தப் பணம் எங்களுக்குத் தேவைப்படுகிறது. மத்திய சேமநிதியிலிருந்து மாதாமாதம் வருவதோடு இதுவும் சேர்ந்தால்தான் கையைக் கடிக்காமல் போகிறது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் கேட்கப்போவது என்னைப் போன்ற வீட்டுக்காரர்களிடம், அதிலும் தமிழ் வீட்டுக்காரர்களிடம். அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் சமையலறையையும் சேர்த்து விடுங்கள். ‘நோ குக்கிங்’ என்று போடாதீர்கள்.

எங்கள் கோயில் தொண்டூழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறை விளம்பரம் வராத வாரம் இல்லை. போடுகிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள். எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில், வைஃபை உண்டு, இரவில் மட்டும் ஏர்கான், வாரம் இரண்டு முறை துணி துவைக்கலாம், சமைக்கக் கூடாது. கொஞ்சம் மனமிரங்கியவர்கள் ‘லைட் குக்கிங்’ என்று போடுவார்கள். போன் போட்டு விசாரித்தால் ஒரு வீட்டில் மேகி போடலாம், முட்டை வேகவைக்கலாம். இன்னொரு வீட்டில் மைக்ரோவேவில் சூடுபண்ணலாம், அவ்வளவுதான். அடுப்பைத் தொடக் கூடாது. இதையெல்லாம் வாடகைதாரர் குடிவந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார். அதற்குள் ஒரு மாத வாடகை முன்பணமாகப் போயிருக்கும், கையெழுத்தும் போட்டிருப்பார்.

சமைக்க விடாத அறை மலிவாகத் தெரியும். அது மலிவு இல்லை என்பதை என் வீட்டுக்கு வந்த பெண்ணின் கணக்கைப் பார்த்துத்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அவள் மன்னார்குடிப் பக்கத்துப் பெண், இங்கே மருத்துவமனையில் தாதி. முன்பு இருந்த இடத்தில் அவளுக்கு 750 வெள்ளி வாடகை. என்னிடம் 900 வெள்ளி, தண்ணீர், மின்சாரம், கேஸ் எல்லாம் சேர்த்து. 150 வெள்ளி கூடக் கொடுத்து இடம் மாறுகிறாளே என்று ஊரிலிருந்து அவளுடைய அம்மா போனில் சத்தம் போட்டாராம். பாவம், அவர்களுக்கு இங்குள்ள நிலவரம் எப்படித் தெரியும்? அந்தப் பெண் செலவை எல்லாம் போனில் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவள். ஒருநாள் உட்கார்ந்து எனக்குக் காட்டினாள்.

பழைய இடத்தில் காலையில் இட்லியோ பரோட்டாவோ ஒரு தேநீரும் சேர்ந்து 4 வெள்ளி. மதியம் வேலையிடத்துக்குப் பக்கத்தில் சோறு, ஒரு கறி, இரண்டு காய் என்றால் 6 வெள்ளிக்குக் குறையாது. இரவு 5 வெள்ளி 50 காசு. ஒரு நாளைக்கு 15 வெள்ளி 50 காசு. மாதத்துக்கு 470 வெள்ளிக்குப் பக்கமாக வந்துவிடுகிறது. இதில் மீன் சாப்பிடத் தோன்றிய நாள், பழம் வாங்கிய நாள், தோழிகளோடு தேக்காவுக்குப் போன நாள் எதுவும் சேரவில்லை. வாடகையோடு கூட்டினால் 1,220 வெள்ளி. இங்கே வந்த பிறகு அரிசி, பருப்பு, காய், மீன், பால், எண்ணெய் எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்குள் முடிகிறது, சில மாதம் 220. வாடகையோடு 1,100 சொச்சம். கூடுதல் வாடகை கொடுத்தும் அவளுக்கு மாதம் 100 வெள்ளி மிச்சம். அது தம்பியின் கல்லூரி விடுதிக் கட்டணத்துக்குப் போகிறது.

அப்படியென்றால் 750 வெள்ளி என்று விளம்பரத்தில் போட்ட அந்த வீட்டுக்காரர் உண்மையில் என்ன விலைக்கு அறையை விட்டார்? வாடகையைத் தான் வாங்கிக்கொண்டு, மீதியைக் காப்பிக்கடையில் போய்க் கட்டச் சொல்லியிருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கணக்கை யாரும் அவருக்குப் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள்.

வாடகை ஏறிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் குறியீட்டின்படி தனியார் வீட்டு வாடகை 2022ஆம் ஆண்டில் மட்டும் 29.7 விழுக்காடு ஏறியது. 2023இல் அதற்கு மேல் 8.7 விழுக்காடு. கொவிட் காலத்தில் கட்டுமானம் நின்றுபோனதால் முன்பதிவு செய்தவர்களுக்கு வீவக கட்டித்தரும் பிடிஓ வீடுகள் தாமதமாகி, சாவி கிடைக்காத இளம் தம்பதிகள் வாடகைக்கு வந்தார்கள். 2022 ஏப்ரலில் எல்லை திறந்ததும் வெளிநாட்டு ஊழியர்கள் திரும்பினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் இடம் தேடினார்கள். தனியார் அடுக்குமாடியான கொண்டோவில் இருந்தவர் வீவக வீட்டுக்கு மாறினார், முழு வீட்டில் இருந்தவர் அறைக்கு மாறினார், அறையில் தனியாக இருந்தவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டார். 2024இல் தனியார் வாடகை 1.9 விழுக்காடு இறங்கியது. ஏறியதோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமில்லை.

நெருக்கடியைத் தணிக்க 2024 ஜனவரி 22 முதல், நாலறையும் அதற்குப் பெரியதுமான வீவக வீடுகளில் உறவில்லாதவர்கள் 6 பேர் வரை இருக்கலாம் என்ற வரம்பை 8 ஆக உயர்த்தினார்கள். படுக்க இடம் கூடியது, சரி. அந்த எட்டுப் பேரும் எங்கே சாப்பிடுவது என்ற கேள்வியை மட்டும் எங்கும் காணோம்.

அரசாங்கம் வாடகைக்கு உச்சவரம்பு போட வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இருந்தது. போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தில் 1947இல் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாடு அது, பழைய கட்டடங்களுக்கு மட்டும் பொருந்தியது. 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். திரும்ப வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வாடகைத் தொகையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, ஈசூனில் ஒரு வீட்டுக்காரியால் அதை மாற்ற முடியாது. ஆனால் சமையலறைக் கதவு என் கையில் இருக்கிறது. வாடகைதாரர் சமைக்கக் கூடாது என்று வீவக எந்த விதியும் போடவில்லை. அதைப் போட்டது நாம். நாமே எடுத்துவிடலாம்.

இனி, வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். என் அக்கா உட்லண்ட்ஸில் அறை விடுகிறாள், என் தோழிகள் பலர் விடுகிறார்கள். எல்லாரோடும் பேசியிருக்கிறேன், அதனால் காரணங்கள் எனக்கு மனப்பாடம்.

முதலில் கேஸ், தண்ணீர். தண்ணீர் விலை ஏறியது உண்மை. 2024 ஏப்ரலில் ஒரு கன மீட்டருக்கு 20 காசு, 2025 ஏப்ரலில் இன்னும் 30 காசு என்று இரண்டு கட்டமாக ஏற்றினார்கள். ஆனால் வாடகைக்கு இருக்கும் இரண்டு பெண்களும் தினமும் சமைத்தும், மின்சாரம், தண்ணீர், கேஸுக்கு வரும் எங்கள் வீட்டு எஸ்பி பில்லில் கேஸ் மாதம் 12, 15 வெள்ளிதான் கூடியிருக்கிறது. பாத்திரம் கழுவும் தண்ணீர் இன்னும் சில வெள்ளி. இதற்குப் பயந்து ஒருவரை மூன்று வேளையும் வெளியே சாப்பிட அனுப்புவது நியாயமாக எனக்குப் படவில்லை. கட்டுப்படியாகவில்லை என்றால் வாடகையில் 20 வெள்ளி கூட்டிக் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

அடுத்தது, சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, அடுப்பு தேய்மானம். இதற்கு நான் சொல்லும் பதில் வரிக் கணக்கிலேயே இருக்கிறது. வாடகை வருமானத்துக்கு நாம் வரி கட்டுகிறோம் அல்லவா? கணக்குக் காட்டும்போது மொத்த வாடகையில் 15 விழுக்காட்டை, ரசீது எதுவும் காட்டாமலே, செலவு என்று கழித்துக்கொள்ள உள்நாட்டு வருவாய் ஆணையம் அனுமதிக்கிறது. 900 வெள்ளியில் அது 135 வெள்ளி. வாடகைக்கு விட்டால் வீட்டில் சாமான் தேயும், பழுதாகும் என்பதை வரித்துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. தேய்மானத்துக்கு அங்கே கழித்துக்கொண்டு, இங்கே தேயவே கூடாது என்று அடுப்பைப் பூட்டி வைக்கலாமா?

பாதுகாப்பு என்பார்கள் சிலர். தீப்பிடித்துவிடுமாம். இதில்தான் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அந்தத் தாதிப் பெண் பழைய இடத்தில் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். உடுப்புப் பெட்டிக்குள் சின்ன ரைஸ் குக்கர் ஒன்றை ஒளித்து வைத்திருந்தாள். இரவில் வீட்டுக்காரர் படுத்த பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி அடைத்து, எக்ஸ்டென்ஷன் வயரில் குக்கரைச் செருகி, மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் வைத்து ரசம் சோறு ஆக்கியிருக்கிறாள். குக்கர் ‘டக்’ என்று மாறும் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று அந்த நேரத்தில் போனில் பாட்டு வைத்துவிடுவாளாம். நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் ஒரு பெண், மாதம் தவறாமல் வாடகை கட்டும் ஒரு பெண், பசிக்குச் சோறு வேகவைப்பதை ஒளிந்து செய்ய வேண்டியிருந்தது. கவனிக்காமல் விட்ட அடுப்பும் மின்சாரக் கோளாறும் வீடுகளில் தீப்பிடிக்க முக்கியக் காரணங்கள் என்று குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்கிறது. எது ஆபத்து? புகையை இழுக்கும் ஹூட் போட்டு, ஆள் பக்கத்தில் நின்று சமைக்கும் அடுப்பா, மெத்தைக்கும் துணிக்கும் நடுவில் ஒளித்து வைத்த குக்கரா? தடை போட்டால் சமையல் நிற்காது. அடுப்பங்கரையை விட்டுப் படுக்கையறைக்குப் போகும்.

கடைசிக் காரணம் வாசனை. மற்றவர்கள் சொன்னால் வாதாடுவோம், நம்மவர்களே சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

2011 ஆகஸ்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சமரச மையம்வரை போய், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் இந்தியக் குடும்பம் கறி சமைப்பது என்று உடன்பாடு ஆனதாகச் செய்தி வந்தது. ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு விட, பல்லாயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள். இந்தியர்கள் மட்டுமா? சீனர், மலாய்க்காரர், யுரேஷியர் எல்லாரும். நாங்களும் அன்றைக்குக் கோழிக்கறி வைத்து எங்கள் மாடியில் கொடுத்தோம். கறி சமைப்பது இந்த ஊரில் வாழும் உரிமையில் ஒன்று என்று அன்று நம் எல்லாருக்கும் பட்டது. அந்த உரிமை வீட்டுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் என்று அன்று யாரும் நினைக்கவில்லையே.

‘இந்தியர் வேண்டாம்’ என்ற விளம்பரங்களால் நம் பிள்ளைகளே இந்த ஊரில் அடிபட்டிருக்கிறார்கள். இனத்தைச் சொல்லி ஒதுக்கும் விளம்பரங்களை முகவர்கள் போடக் கூடாது என்று சொத்து முகவர் மன்றம் சொல்லியிருக்கிறது, நல்லது. ஆனால் சமைக்கக் கூடாது என்ற ஒரு வரி பல இடங்களில் அதே வேலையைச் செய்கிறது என்பது என் கணிப்பு. தாளிக்காமல் நமக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஆகுமா? அந்த வரியைத் தமிழ் வீட்டுக்காரரும் போட்டால், வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளை வேறு யாரிடம் போய்க் கேட்கும்?

கீழே காப்பிக்கடை இருக்கிறதே, உணவங்காடி இருக்கிறதே, எதற்குச் சமைக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். நம் உணவங்காடிகளைப் பற்றி எனக்கும் பெருமைதான். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. விரும்பிப் போய்ச் சாப்பிடுவது வேறு, வேறு வழியில்லாமல் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவது வேறு. பொருள் சேவை வரி 2023இல் 7இலிருந்து 8 விழுக்காடாகி, 2024இல் 9 ஆகிவிட்டது. நமக்கு அதைச் சமாளிக்க அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வருகிறது. 2025இல் மட்டும் ஒவ்வொரு சிங்கப்பூரர் குடும்பத்துக்கும் 800 வெள்ளி கிடைத்தது. பாதியைப் பேரங்காடியிலும் பாதியைச் சோங் பாங்கில் காய்கறிக் கடையிலும் கொடுத்து நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன். என் வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களும் வெளிநாட்டினர், அவர்களுக்கு அது கிடையாது. அதில் தப்பு இல்லை, குடிமக்களுக்கான உதவி அது. ஆனால் விலை மட்டும் எல்லாருக்கும் ஒரே விலை. அவர்கள் செலவைக் குறைக்க இருக்கும் பெரிய வழி ஒன்றே ஒன்றுதான், சொந்தமாகச் சமைப்பது. அதையும் நாம் அடைத்துவிடுகிறோம். சர்க்கரை நோயைப் பற்றி வேறு சொல்ல வேண்டுமா? 2016இலேயே அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. இந்தியர்களிடம் அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

சரி, சமையலறையைத் திறந்துவிட்டால் நடைமுறையில் எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் சமையலறை ஒன்றும் பெரியது இல்லை. இரண்டு அடுப்பு, ஒரு ஹூட், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கழிகள். குளிர்பெட்டியில் நடுத்தட்டு எங்களுக்கு, மேல்தட்டு மன்னார்குடிப் பெண்ணுக்கு, கீழ்த்தட்டும் காய்கறி டிராயரில் பாதியும் இன்னொரு பெண்ணுக்கு. அவள் ஜோகூரில் குளுவாங்கைச் சேர்ந்தவள், கிடங்கு ஒன்றில் ஷிப்ட் வேலை. உப்பு, மஞ்சள், எண்ணெய், கறிவேப்பிலை பொது. தீர்ந்தால் பார்த்தவர் வாங்கி வைப்பார். மற்றதெல்லாம் அவரவர் டப்பா. விசில் அடிக்கும் குக்கரை இரவு 10 மணிக்கு மேலும் காலை 7 மணிக்கு முன்பும் வைப்பதில்லை. எண்ணெயில் பொரிப்பது சனி ஞாயிறில் மட்டும். சமைத்து முடித்தவர் அடுப்பையும் பின்சுவரையும் துடைத்துவிட வேண்டும். ஹூட் வடிகட்டியை நான் கழற்றிச் சோடா உப்பில் ஊறவைப்பேன், குளுவாங் பெண் தேய்த்துக் கொடுப்பாள். மாட்டிறைச்சி வீட்டுக்குள் வேண்டாம், புரட்டாசியில் அசைவத்தை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அறை பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். எல்லாம் ஒப்பந்தத்தில் நாலு வரியாக எழுதியிருக்கிறோம். பின்னால் மனக்கசப்பு வராமல் இருக்க அந்த நாலு வரி போதும்.

மேல் மாடியில் ஒரு சீன ஆன்ட்டி. அவருடைய துணிக் கழி எங்கள் ஜன்னலுக்கு நேர் மேலே. அவர் படுக்கை விரிப்பு காயப்போட்டிருக்கும் நேரத்தில் கருவாடோ நெத்திலியோ வறுக்க மாட்டோம். கழியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாணலி வைப்பது. இதை அவர் கேட்கவில்லை, நாங்களாகச் செய்வது. பக்கத்துக் குடித்தனத்தோடு இப்படி அனுசரித்துப் போவதற்கும், வீட்டுக்குள் இருப்பவரைச் சமைக்கவே விடாமல் தடுப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

ஓய்வு நாள் ஒத்து வந்தால் இரண்டு பெண்களும் காலையில் சோங் பாங் சந்தைக்குப் போய் ஒரு பெரிய மீனாக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தனித்தனியாகத் துண்டு மீன் வாங்குவதைவிட அது மலிவு. குளுவாங் பெண் நெத்திலி சம்பல் செய்தால் மன்னார்குடிப் பெண் பக்கத்தில் நின்று பெலாச்சான் என்ற இறால் விழுது எவ்வளவு என்று குறித்துக்கொள்வாள். மன்னார்குடிப் பெண் வைக்கும் வத்தக்குழம்பு வாசனைக்கு என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். வீட்டில் சத்தம் கூடியிருக்கிறது, உண்மைதான். எங்களுக்கு அது பிடித்திருக்கிறது.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். கல்யாணத்துக்கு முன்னால் மற்ற ஆண்களோடு ஒரே அறையில் இருந்தபோது, முறை போட்டுச் சமைத்ததைப் பெரிய கதையாகச் சொல்வார். மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி எனப்படும் கடைவீடுகளில் செட்டியார்கள் தங்கி வியாபாரம் செய்த காலத்திலும் சேர்ந்து சாப்பிடச் சமையல்காரர் இருந்தார். பிழைக்க வந்த இடத்தில் படுக்கையும் அடுப்பும் சேர்ந்துதான் தங்குமிடம் என்று அவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் பிரித்து விற்பது நம் காலத்தில் வந்த பழக்கம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமைக்க அனுமதி கிடைத்தால் அடுத்தவர் வந்து துடைக்கும்படி விட்டுப் போகாதீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் அடுப்பை அப்படி விட்டுப் போனதால்தான் பல வீடுகளில் கதவு அடைபட்டது. ஒப்பந்தத்தில் சமையலைப் பற்றி ஒன்றும் இல்லை என்றால் கையெழுத்துக்கு முன்னால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சமைக்கலாம் என்று வாயால் சொல்லிக் குடிவைத்துவிட்டு, பிறகு மறுத்து, முன்பணத்தையும் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் சும்மா இருக்க வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறுகளைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் விசாரிக்கும். 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. எழுத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

முகவர்களிடம் நான் கேட்பது, அறை விளம்பரத்தில் எம்ஆர்டி எத்தனை நிமிடம் என்று போடுவதுபோல சமையல் விவரத்தையும் போடுங்கள். எந்த நேரம், எந்த அடுப்பு, குளிர்பெட்டியில் இடம் உண்டா, பொரிக்கலாமா. அப்போதுதான் 750 வெள்ளி அறையையும் 900 வெள்ளி அறையையும் ஒருவர் சரியாக ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாடகை பற்றிய செய்திகளில் இந்த வட்டாரத்தில் இவ்வளவு என்று போடும்போது, அறையில் குடியிருப்பவர் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறார் என்பதையும் விசாரித்துச் சேர்த்துப் போடுங்கள். உங்கள் விளம்பரப் பக்கத்துக்கு அறை விளம்பரம் கொண்டு வருகிறவரிடம் சமைக்கலாமா என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதை ஒரு விதியாக வைக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், நானும் போய்ப் பேசப்போகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி ஒருவர்